களக் கட்டளை நிலையம்: கடையில் வாங்கும் ரக்கட் கருவிகளை நம்பகமாகக் கோப்பது எப்படி

ரக்கட் லேப்டாப், அதாவது அடியும் மழையும் தூசியும் தாங்கும்படி செய்த லேப்டாப், உடைந்ததால் ஒரு களக் கட்டளை நிலையம் முடங்குவது அரிது. அதற்குப் போகும் மின்கம்பி தளர்ந்திருக்கும். ஆன்டெனா கேபிளின் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கும். சர்வரின் கடிகாரம் தவறியிருக்கும். ஜெனரேட்டருக்கு எரிபொருள் ஊற்ற நிறுத்திய ஐந்து நிமிடத்தில் எல்லாம் அணைந்திருக்கும். முடங்குவது பெரும்பாலும் இப்படித்தான். கருவிகளைவிடக் கருவிகளை இணைப்பவைதான் முதலில் போகின்றன. பணத்தில் பெரும்பகுதியை லேப்டாப்பில் போட்டுவிட்டு, கேபிளையும் பேட்டரியையும் மிச்சத்தில் வாங்கும் குழுக்கள் இதைத் தாமதமாகத்தான் கண்டுகொள்கின்றன.

பேரிடர் மீட்புக்கோ படைப்பிரிவுக்கோ, ஐந்தாறு பேர் உட்கார்ந்து இருபது முப்பது பேரை வழிநடத்தும் சிறிய நிலையத்தைப் பொதுச் சந்தையில் கிடைக்கும் கருவிகளால் அமைக்கும் முறை இது.

தரச்சீட்டில் எதைப் பார்ப்பது

"மில்-எஸ்டிடி-810ஹெச் தேறியது" என்ற ஒரு வரியை நம்பி வாங்காதீர்கள். 2019இல் வெளிவந்த அந்த அமெரிக்க ராணுவத் தரம் ஒரு சோதனைத் தொகுப்பு. இத்தனை மதிப்பெண் வாங்கினால் தேர்ச்சி என்று சொல்லும் சான்றிதழ் அல்ல. எந்தச் சோதனையை, எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கலாம். எனவே முழுச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். கீழே விழும் சோதனை முறை எண் 516இல் வரும். 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து முகம், விளிம்பு, மூலை என 26 முறை போடுவது வழக்கம். ஆனால் அந்த 26 வீழ்ச்சிகளையும் ஐந்து கருவிகள் வரை பகிர்ந்துகொள்ளலாம். அப்படியானால் ஒரு கருவி ஐந்தாறு முறைதான் விழுந்திருக்கும். விழும்போது கருவி இயங்கிக்கொண்டிருந்ததா, எந்தத் தரையில் விழுந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுத்தில் வேண்டும். வாகனத்தில் பொருத்தப் போகிறீர்கள் என்றால் முறை 514, அதாவது அதிர்வுச் சோதனை, வீழ்ச்சிச் சோதனையைவிட முக்கியம். கடலோரம் என்றால் 509, உப்பு மூடுபனிச் சோதனை. மணலும் தூசியும் 510.

தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். அது ஐபி66ஐயும் உள்ளடக்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 66 என்பது நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தில் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்குவது. மூழ்கினால் தாங்கும் கருவி பீய்ச்சலில் தோற்கலாம். சேற்றைக் குழாய் வைத்துக் கழுவ வேண்டிய இடத்தில் வேலை என்றால், இரண்டு எண்களும் சேர்த்து எழுதப்பட்ட கருவியை வாங்குங்கள். இன்னொன்று: இந்த எண்கள் எல்லாம் மூடிகள் அடைத்திருக்கும்போதுதான். சார்ஜர் கேபிள் செருகிய லேப்டாப் மழையில் ஐபி67 அல்ல. அதனால்தான் அடியில் தொடுமுனைகள் கொண்ட டாக் நிலையத்தில் வைத்துச் சார்ஜ் ஏற்றும் கருவிகளுக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும்.

திரைக்கு 1000 நிட் பிரகாசம் வேண்டும். சாதாரண லேப்டாப்பின் 250, 300 நிட் நண்பகலில் வெறும் கண்ணாடிதான். அதே திரையை இரவில் எவ்வளவு மங்கலாக்க முடியும் என்பதையும் இருட்டறையில் பார்த்துவிடுங்கள். தொடுதிரையை நனைத்து, கையுறை போட்டு, வாங்கும் முன்பே சோதியுங்கள். சில டேப்லெட்களில் கையுறை முறையும் மழை முறையும் ஒரே நேரத்தில் இயங்காது.

பேட்டரியைக் கழற்றி மாற்றும்போது கருவி அணையாமல் இருக்க வேண்டும். இதில் சமரசமே வேண்டாம்.

மின்சாரம்

முதலில் கணக்கு. ஒவ்வொரு கருவியின் சராசரி இழுவையையும் அளவியால் அளந்து எழுதுங்கள். அடாப்டரில் அச்சிட்ட எண் உச்ச அளவு. அதை வைத்துக் கணக்கிட்டால் தேவையில்லாத எடையைச் சுமப்பீர்கள். ஒரு சிறு நிலையத்துக்கு எடுத்துக்காட்டு: மூன்று லேப்டாப் 90 வாட், ரவுட்டரும் ஸ்விட்சும் 25, தாழ்வட்டச் (பூமிக்கு அருகில் சுற்றும்) செயற்கைக்கோள் முனையம் 75, பேச்சு ரேடியோ நிலையம் சராசரியாக 22, கூடுதல் திரை 30, விளக்குகள் 20, கைரேடியோ சார்ஜர்கள் 30. மொத்தம் 292 வாட். கால்பங்கு கூட்டினால் 365. ஒரு நாளைக்கு 8.8 கிலோவாட்-மணி.

இப்போது பேட்டரியைப் பாருங்கள். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-மணி இருக்கிறது. அதில் 85 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 1088. இந்தச் சுமைக்கு மூன்று மணி நேரம். ஆக, பேட்டரியின் வேலை நாள் முழுக்க ஓட்டுவது அல்ல. ஜெனரேட்டர் நிற்கும்போது யாரும் கவனிக்காதபடி தாங்குவது. ஆகவே எல்லாக் கருவிகளும் பேட்டரியிலிருந்தே ஓட வேண்டும். ஜெனரேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் மட்டும் ஏற்ற வேண்டும். இப்படி அமைத்தால் ஜெனரேட்டர் இருமினாலும், யாராவது கேபிளில் தடுக்கி விழுந்தாலும் திரை சிமிட்டாது. பழைய ஈய-அமில பேட்டரி என்றால் கொள்ளளவில் பாதியைத்தான் நம்பலாம். எடையும் இரண்டு மடங்குக்கு மேல்.

சார்ஜர் குறைந்தது 60 ஆம்பியர் தர வேண்டும். அதில் பாதி நிலையத்தின் சுமைக்கே போய்விடும், மீதிதான் பேட்டரிக்குள் இறங்கும். 20 ஆம்பியர் சார்ஜர் வாங்கியவர்கள், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி இறங்குவதைப் பார்த்துத் திகைப்பார்கள்.

ஜெனரேட்டர் இன்வெர்ட்டர் வகையாக, 2 கேவிஏ அளவில், இரண்டு இருக்கட்டும். ஒன்று ஓடும்போது மற்றது ஆறும். சூடான இயந்திரத்தில் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்ற விதியை, ஒரே ஜெனரேட்டர் வைத்திருக்கும் குழு மூன்றாவது இரவில் மீறிவிடும். இரண்டு இருந்தால் மீறத் தேவையே வராது. மேலே சொன்ன சுமைக்கும் சார்ஜருக்கும் சேர்த்து நாளுக்குச் சுமார் 15 முதல் 20 லிட்டர் பெட்ரோல் ஆகும். கூடாரத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, காற்று வீசும் திசையில் கீழ்ப்புறமாக, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. மழைக்காக ஜெனரேட்டரைக் கூடாரத்தின் விளிம்புக்குள் இழுப்பது ஆளைக் கொல்லும். கூடாரத்துக்குள் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் தொங்க வேண்டும்.

கேபிளின் தடிமனில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். 12 வோல்ட்டில் 20 ஆம்பியரை 5 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அனுப்பினால், போகவர 10 மீட்டர்; கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே தொலையும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.35. ரேடியோவில் பேசும் பொத்தானை அழுத்தியவுடன் அது அணைந்து மீண்டும் எழுகிறதா? ரேடியோவைச் சந்தேகிக்கும் முன், பொத்தானை அழுத்திய நிலையிலேயே அதன் பின்பக்க முனையில் வோல்ட்டை அளந்து பாருங்கள். பெரும்பாலும் கம்பிதான் குற்றவாளி. ஃபியூஸ் எப்போதும் பேட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கருவியின் பக்கம் போட்டால், நடுவில் நசுங்கும் கம்பியை அது காப்பாற்றாது.

வாகனத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் உள்ளே வரும் வோல்ட் சரிந்தாலும் வெளியே ஒரே அளவில் தரும், தனிமைப்படுத்திய டிசி-டிசி மாற்றியை நடுவில் வையுங்கள். எஞ்சின் கிளப்பும் நொடியில் 12 வோல்ட் பல வாகனங்களில் 8, 9 வரை சரியும். ரவுட்டர் அணைந்து எழ இரண்டு நிமிடம் எடுக்கும். அதற்குள் எல்லா இணைப்பும் அறுந்திருக்கும்.

குளிரில் ஒன்று நினைவிருக்கட்டும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். மின்சாரம் தருவதில் பிரச்சினை இல்லை, ஏற்றுவதில்தான். பேட்டரிக்கு உள்சூடேற்றி இல்லையென்றால் இரவில் கூடாரத்துக்குள் வைத்துச் சூடு ஏறியபின் சார்ஜ் போடுங்கள். விமானத்தில் போக வேண்டிய குழுவுக்கு இன்னொரு தடை: 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது. 100க்கும் 160க்கும் இடைப்பட்டதற்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். பெரிய பேட்டரி தரைவழியாகவோ சரக்காகவோ முன்னதாகப் போக வேண்டும், அல்லது போய்ச் சேரும் இடத்தில் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

பெட்டியும் கனெக்டரும்

ரவுட்டர், ஸ்விட்ச், சிறு சர்வர், மின்பகிர்வு ஆகியவற்றை ஒரே அதிர்வுதாங்கிச் சட்டப் பெட்டியில் (ரேக் கேஸ்) நிரந்தரமாகக் கோத்துவிடுங்கள். களத்தில் இறங்கியதும் முன்பின் மூடிகளைக் கழற்றி ஒரு மின் கேபிள் செருகினால் ஓட வேண்டும். எடை 30 கிலோவைத் தாண்டினால் பெட்டியை இரண்டாகப் பிரியுங்கள். சேற்றில் 50 கிலோ பெட்டியைத் தூக்கும் இருவரில் ஒருவர் முதுகைப் பிடித்துக்கொள்வார். மூடி திறக்காமல் வேலை செய்ய முயல வேண்டாம். மூடிய பெட்டிக்குள் 60 வாட் என்றாலும் வெயிலில் உள்வெப்பம் வேகமாக ஏறும், கருவிகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கும், பிறகு அணையும். வெயில் நேரடியாகப் படாமல் மேலே ஒரு துணி கட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ஈதர்நெட் கேபிளின் பிளாஸ்டிக் கொக்கி மூன்றாவது நாளில் உடையும். வெளியே போகும் இணைப்புகளுக்கு உலோக உறை கொண்ட, திருகிப் பூட்டும் எம்12 கனெக்டரோ உறையிட்ட ஆர்ஜே45 கனெக்டரோ போடுங்கள். கூடாரத்துக்குக் கூடாரம் செம்புக் கேபிள் இழுப்பதைவிட வலுவூட்டிய ஒளியிழைக் கேபிள் நல்லது. ஈதர்நெட்டின் 100 மீட்டர் எல்லை அதற்கு இல்லை. அருகில் இடி விழுந்தால் அது மின்னோட்டத்தைக் கடத்தாது. வேறு வேறு ஜெனரேட்டரில் ஓடும் இரண்டு கூடாரங்களுக்கு இடையில் மின்னழுத்த வேறுபாடும் வராது.

ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே நிறமும் ஒரே எண்ணும் ஒட்டுங்கள். கேபிள் போய்ச் சேரும் துளையிலும் அதே நிறம், அதே எண். இரவு இரண்டு மணிக்கு, மழையில், அதை முதல்முறை பார்க்கும் ஆள் செருக வேண்டியிருக்கும்.

வெளியுலகத் தொடர்பு

குறைந்தது இரண்டு வெவ்வேறு வகை வழிகள் வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு சிம் போட்ட கைப்பேசி ரவுட்டர் ஒரு வழிதான், இரண்டு வழி அல்ல; பேரிடரில் மின்சாரம் போனால் இரண்டு நிறுவனக் கோபுரங்களும் சில மணி இடைவெளியில் சேர்ந்தே விழும். தாழ்வட்டச் செயற்கைக்கோள் சேவை வேகமானது, தாமதம் குறைவு. ஆனால் திறந்த வானம் வேண்டும், மின்சாரம் தின்னும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் நிலைவட்டச் செயற்கைக்கோளில் ஒரு கேள்விக்குப் பதில் வர ஏறத்தாழ 0.6 நொடி ஆகும். பேச்சில் இருவரும் மோதிக்கொள்வார்கள். செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் கேயூ, கேஏ அலைப்பட்டைகள் கனமழையில் மங்கும். 1.5 கிகாஹெர்ட்ஸ் அருகில் இயங்கும் எல் பட்டை மெதுவானது. ஆனால் மழையிலும் தாங்கும். வேகமான முனையம் ஒன்று, மெதுவான எல் பட்டை முனையம் ஒன்று என்ற ஜோடி பெரும்பாலான குழுக்களுக்குப் போதும்.

இணைப்பு வந்தவுடன் அதைத் தின்பது உங்கள் பணி அல்ல, லேப்டாப்களின் மென்பொருள் புதுப்பிப்பு. கிளம்பும் முன்பே ஒவ்வொரு கருவியிலும் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்துங்கள், அந்த நெட்வொர்க்கை அளவுக்குட்பட்டது (மீட்டர்ட்) என்று குறியுங்கள். ரவுட்டரிலும் பணிக்குத் தேவையான சேவைகளை மட்டும் திறந்துவிடுங்கள்.

கைப்பேசி இணைப்பில் உங்கள் ரவுட்டருக்கு இணையத்தில் தனிப் பொது முகவரி பெரும்பாலும் கிடைக்காது. அப்போது வெளியிலிருந்து உங்கள் சர்வரை யாரும் அழைக்க முடியாது. எனவே களத்திலிருந்து வெளியே கிளம்பும் விபிஎன் சுரங்கத்தை, அதாவது மறையாக்கிய தனி இணைப்பை, தலைமையகத்திலுள்ள சர்வருக்கு அமையுங்கள். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் என்றால் 25 நொடிக்கு ஒருமுறை உயிர்ப்புத் துடிப்பு அனுப்பும்படி வையுங்கள். சிறு செய்திகள் போகின்றன, படங்கள் பாதியில் நிற்கின்றன என்றால் ஒரு தடவையில் போகும் தரவுப் பொட்டல அளவை (எம்டியூ) 1280 பைட்டாகக் குறைத்துப் பாருங்கள். செயற்கைக்கோள், விபிஎன் இரண்டும் சேரும்போது இதுதான் மிகச் சாதாரணக் கோளாறு.

ரேடியோ

குரல்தான் கடைசி வரை நிற்கும். உயரமே பலம்: சமதளத்தில் 10 மீட்டர் கம்பத்து ஆன்டெனாவுக்கும் ஒன்றரை மீட்டர் உயரத்துக் கைரேடியோவுக்கும் ரேடியோப் பார்வைத் தூரம் சுமார் 18 கிலோமீட்டர். மேடும் மரமும் கட்டடமும் அதை வெட்டும். கம்பத்தை இரு மடங்காக்குவது வாட்டை இரு மடங்காக்குவதைவிடப் பலன் தரும். ஆன்டெனா கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். 450 மெகாஹெர்ட்ஸில் 15 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் 4, 5 டெசிபலை விழுங்கும், அதாவது 25 வாட்டில் 8 முதல் 10 வாட்தான் மேலே சேரும். எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் வகையில் சுமார் 18 வாட் சேரும். கனெக்டரை முதலில் சுயமாக ஒட்டும் ரப்பர் நாடாவாலும், அதன்மேல் சாதாரண நாடாவாலும் சுற்றுங்கள். கேபிள் கூடாரத்துக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விடுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

படைப்பிரிவுகளுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. அலை கிளம்பும் இடத்தை எதிரி திசையறியும் ஆன்டெனாவால் கண்டுபிடிப்பான். ஆன்டெனாக்களை ஆட்கள் இருக்கும் கூடாரத்திலிருந்து ஒளியிழை மூலம் தொலைவில் நிறுத்துங்கள். தேவையான அளவு வாட் மட்டும் அனுப்புங்கள்.

வரைபடமும் சர்வரும்

ஆண்ட்ராய்டில் ஓடும் வரைபடச் செயலியான ஏ-டாக் (ATAK), அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தில் உருவாகி 2020இல் பொதுமக்கள் பதிப்பாகவும் வெளிவந்தது. ஒவ்வொருவரின் இடமும் ஒவ்வொருவர் வரைபடத்திலும் தெரியும். அதற்குரிய சர்வர் உங்கள் பெட்டிக்குள்ளேயே ஓடட்டும். இணையம் அறுந்தாலும் களத்துக்குள் படம் நிற்கக் கூடாது.

இணையம் இல்லாத சர்வர் விழும் இடம் கடிகாரம். நேரம் தவறினால், கருவியும் சர்வரும் ஒன்றையொன்று அடையாளம் காணும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகும். எல்லா டேப்லெட்டும் ஒரே நேரத்தில் இணைப்பை மறுக்கும். குழு நெட்வொர்க்கைக் குடைந்துகொண்டிருக்கும். பெட்டிக்குள் ஜிபிஎஸ் நேரம் வாங்கித் தரும் சிறு கருவி ஒன்றை வைத்து, எல்லாக் கருவிகளும் அதையே பார்க்கும்படி செய்யுங்கள். சான்றிதழ் ஆளுக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று. குழு முழுக்க ஒன்றைப் பகிர்ந்தால், ஒரு டேப்லெட் தொலையும்போது எல்லாரையும் வெளியே தள்ள வேண்டிவரும்.

வரைபடத் துண்டுகளைக் கிளம்பும் முன்பே ஒவ்வொரு கருவியிலும் இறக்கி, விமானப் பயன்முறையில் போட்டுத் திறந்து பாருங்கள். இடக்குறி முறையை ஒன்றாக முடிவு செய்யுங்கள். 40 பாகை 30 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) என்ற பொருளில் "40 பாகை 30" என்று ரேடியோவில் சொன்னதை ஒருவர் 40.30 பாகை என்று எழுதினால், வடக்கு-தெற்கில் 12 கலை பிசகும். அது 22 கிலோமீட்டர். மீட்புப் படகு வேறு ஊருக்குப் போய்விடும். வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து இடம் சொல்லும் எம்ஜிஆர்எஸ் கட்டமுறையில் எட்டு இலக்கம் 10 மீட்டர் துல்லியம் தரும், வாயால் சொல்லவும் எளிது.

அச்சிட்ட வரைபடம், மெழுகுப் பென்சில், செய்திப் படிவம் மேசையில் எப்போதும் விரிந்திருக்கட்டும். மணிக்கு ஒருமுறை திரையில் உள்ள நிலைகளைத் தாளில் குறித்துவிடுங்கள். சர்வர் போனால் இழப்பு ஒரு மணி நேரம் மட்டுமே.

இறங்கிய இடத்தில் வரிசை

முதல் ஐந்து நிமிடத்தில் கைரேடியோவும் செயற்கைக்கோள் தொலைபேசியும் பேச வேண்டும். அதற்கு எதையும் விரிக்கத் தேவையில்லை. அடுத்து பேட்டரியும் சட்டப் பெட்டியும், மூன்றாவதாகக் கம்பம். தரைக்கம்பி அடிக்காமல் கம்பம் தூக்காதீர்கள். மேலே மின்கம்பி இருந்தால் கம்பத்தின் முழு உயரத்தைவிட அதிகத் தூரம் தள்ளியே நிறுத்துங்கள். பிறகு செயற்கைக்கோள் முனையம், ஜெனரேட்டர், திரைகள், கடைசியாக விளக்கு. ஏசி வாகனத்திலிருந்து ஈரக்காற்றுக்கு எடுத்த பெட்டியை மூடியபடியே சிறிது நேரம் விடுங்கள். குளிர்ந்த பலகையில் பனித்துளி படிந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் அரிப்பு அன்றே தொடங்கும்.

எல்லாம் ஓடியபின் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஜெனரேட்டரை நிறுத்துங்கள். முதன்மை இணைப்பின் கேபிளைப் பிடுங்கி, மாற்று வழிக்கு எத்தனை நொடியில் தாவுகிறது என்று எண்ணுங்கள். ஒரு டேப்லெட்டின் சான்றிதழை ரத்து செய்து, அது உண்மையில் வெளியேறுகிறதா என்று பாருங்கள். இதைக் கிளம்பும் முன் கிடங்கில் ஒருமுறை, களத்தில் முதல் நாளில் ஒருமுறை.

திரும்பி வந்தபின்

சேற்றை உலரவிட்டுப் பிறகு தட்டுங்கள். ஈரச் சேற்றைத் துடைத்தால் ரப்பர் விளிம்புகளுக்குள் போகும். ஒவ்வொரு மூடியின் ரப்பரையும் விரலால் தடவி, வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். உப்புக்காற்றில் இருந்து வந்த கனெக்டர்களை நன்னீரால் கழுவி உலர்த்துங்கள். லித்தியம் பேட்டரிகளைப் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஜெனரேட்டரின் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள்; அடுத்த அழைப்பில் அது கிளம்பாததற்கு அந்தப் பழைய பெட்ரோலே காரணமாக இருக்கும். சான்றிதழ்களும் சிம் திட்டங்களும் செயற்கைக்கோள் சந்தாவும் காலாவதியாகும் தேதிகளைப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.